இரண்டு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்

பவர்டு சப்வூஃபர் என்பது தாழ்ந்த ஒலிகளை வாசிப்பதற்கென்றே கட்டப்பட்ட ஸ்பீக்கர். அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபயரும் அதே பெட்டிக்குள் இருக்கும். ஸ்டீரியோவில் ஏற்கெனவே இரண்டு ஸ்பீக்கர் இருக்கும்போது மூன்றாவதாக இது எதற்கு என்று கேட்டால், சில எண்களே பதில் சொல்லும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை அழுத்தாமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். பியானோவின் இடது கோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். ஐந்தோ ஆறோ அங்குலக் கூம்பு கொண்ட புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே மளமளவென்று ஓய்ந்துவிடுகின்றன. அதற்காக அந்தத் தடித்த தந்தியின் முதல் சில ஸ்வரங்கள் கேட்காமலே போய்விடுவதில்லை. ஒவ்வொரு ஸ்வரத்தோடும் சேர்ந்து ஒலிக்கும் மேல் அதிர்வுகளை வைத்துக்கொண்டு மூளை சுருதியைக் கண்டுபிடித்துவிடுகிறது. ஆனால் அந்த ஸ்வரத்தின் கனம் அறைக்குள் வந்து சேருவதில்லை.

சின்னக் கூம்பால் இதைச் செய்ய முடியாததற்கு எளிய காரணம் உண்டு. சத்தத்தின் அளவு மாறாமல் அதிர்வெண் மட்டும் பாதியானால், கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைந்தாக வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசைந்து தரும் சத்தத்தை 40 ஹெர்ட்ஸில் தர 4 மில்லிமீட்டரும், 20 ஹெர்ட்ஸில் தர 16 மில்லிமீட்டரும் அசைய வேண்டும். ஆறு அங்குலக் கூம்புக்கு அது நடக்கிற காரியமில்லை. பெரிய கூம்பு, நீண்ட அசைவு, அதைத் தள்ளப் போதுமான மின்சக்தி மூன்றும் ஒரே பெட்டியில் சேர்ந்ததுதான் சப்வூஃபர்.

நன்றாக இணைக்கப்பட்ட சப்வூஃபர் எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரியாது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அணைத்தால் அறை சட்டென்று சுருங்கினாற்போல் இருக்க வேண்டும். மீண்டும் போட்டால், பேஸ் அந்த இரண்டு ஸ்பீக்கரிலிருந்தே வருவதாகத் தோன்ற வேண்டும். “அதோ அந்த மூலையிலிருந்து இடிக்கிறது” என்று வீட்டுக்கு வந்தவர் கையைக் காட்டினால் இணைப்பு இன்னும் முடியவில்லை என்று பொருள். இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு வேலையும் அந்த ஒரு நிலையை அடைவதற்காகத்தான். வேலைகளின் வரிசையும் முக்கியம். வயர், இடம், கிராஸ்ஓவர், ஃபேஸ், கடைசியாக சத்த அளவு. வாங்கி வந்ததும் எல்லோர் கையும் முதலில் போவது கடைசி வேலைக்குத்தான்.

வயர் எங்கிருந்து எடுப்பது

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வழி தெரிந்துவிடும். ‘சப் அவுட்’ என்றோ ‘ப்ரீ அவுட்’ என்றோ ஆர்சிஏ துளைகள் இருந்தால் வேலை எளிது. சப் அவுட் பொதுவாக ஒரே துளை. இடமும் வலமும் அங்கேயே கலந்து வரும். ப்ரீ அவுட் இரண்டு துளை; அவற்றிலிருந்து இரண்டு கேபிள் சப்வூஃபரின் இடது, வலது ‘லைன் இன்’ துளைகளுக்குப் போகும். சப்வூஃபரில் ‘எல்எஃப்இ’ என்று எழுதிய துளையும் இருக்கலாம். அது சினிமா ரிசீவர்களுக்கானது. பெரும்பாலான பெட்டிகளில் அந்த வழியாக வரும் சிக்னல், தாழ்ந்த ஒலிகளை மட்டும் விடும் வடிகட்டியான கிராஸ்ஓவரைத் தொடாமல் போய்விடும். அதில் வயரைச் செருகிவிட்டுக் கிராஸ்ஓவர் குமிழை எவ்வளவு திருகினாலும் ஒன்றும் மாறாது.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ‘டேப் அவுட்’ அல்லது ‘ரெக் அவுட்’ துளையில் சப்வூஃபரைச் செருகுவது ஒன்று. அந்தத் துளையில் வரும் சிக்னலை வால்யூம் குமிழ் கட்டுப்படுத்தாது. பாட்டைக் குறைத்தாலும் பேஸ் மட்டும் அதே அளவில் இடித்துக்கொண்டிருக்கும். மற்றொன்று, இடது வலது ப்ரீ அவுட் இரண்டையும் ஒரு ‘ஒய்’ கேபிளால் ஒன்றாக்கி ஒரே துளைக்குக் கொண்டுபோவது. இரண்டு அவுட்புட் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். ஸ்பீக்கருக்குப் போகும் ஸ்டீரியோவும் அதனால் கெடலாம். ஒரு அவுட்புட்டை இரண்டாகப் பிரிக்க ஒய் கேபிள் சரி, இரண்டை ஒன்றாக்க அது ஆகாது.

பழைய ஆம்ப்ளிஃபயர்களிலும் சின்ன ஆம்ப்ளிஃபயர்களிலும் இந்தத் துளைகளே இருப்பதில்லை. அங்கே ‘ஹை லெவல்’ இணைப்பு கைகொடுக்கும். ஸ்பீக்கருக்கு வயர் போகும் அதே திருகு முனைகளிலிருந்து இன்னொரு ஜோடி மெல்லிய வயர் சப்வூஃபருக்குப் போகிறது. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, முனையின் மூடியைத் தளர்த்தி, ஏற்கெனவே இருக்கும் செம்பு இழைகளோடு புதிய வயரின் இழைகளைச் சேர்த்து முறுக்கி, ஒற்றை இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடாதபடி இறுக்க வேண்டும். சப்வூஃபரின் உள்ளீட்டு மின்தடை ஆயிரக்கணக்கான ஓம் இருப்பதால் ஆம்ப்ளிஃபயருக்குக் கூடுதல் சுமை ஏறுவதில்லை. வேல்ஸில் 1990-இல் ரிச்சர்ட் லார்ட் தொடங்கிய ரெல் நிறுவனம் இந்த முறையையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. ஸ்பீக்கர் கேட்கும் அதே சிக்னலை, அந்த ஆம்ப்ளிஃபயரின் குணத்தோடு சேர்த்து, சப்வூஃபரும் கேட்கிறது என்பது அவர்கள் வாதம். ப்ரீ அவுட் இருக்கும் வீட்டில் இதனால் பெரிய வித்தியாசம் வருமா என்பது விவாதத்துக்குரியது. ப்ரீ அவுட் இல்லாத வீட்டில் இதைவிட நல்ல வழி கிடையாது.

ஹை லெவல் இணைப்பில் ஒரு அபாயம் உண்டு. இன்று மலிவாகக் கிடைக்கும் டி கிளாஸ் ஆம்ப்ளிஃபயர்களில் பல பிரிட்ஜ் முறையில் இயங்குபவை. அவற்றின் கருப்பு முனையிலும் மின்னழுத்தம் இருக்கும். சப்வூஃபருக்குள் இடது, வலது கருப்பு முனைகள் ஒன்றாக இணைந்திருந்தால் ஆம்ப்ளிஃபயர் ஷார்ட் ஆகிக் கருகிவிடலாம். இரண்டு கருவிகளின் கையேட்டிலும் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று படித்துவிட்டே வயரைத் தொட வேண்டும். கையேடு இல்லையென்றால் விற்றவரிடம் கேட்ட பிறகு.

‘ஆட்டோ ஆன்’ ஸ்விட்சையும் இந்தக் கட்டத்திலேயே ‘ஆன்’ பக்கம் தள்ளிவிடுவது நல்லது. மெல்லிய சத்தத்தில் கேட்கும்போது சப்வூஃபர் சிக்னலே வரவில்லை என்று எண்ணித் தூங்கிவிடும். சோதனை நடுவில் அப்படித் தூங்கினால் அடுத்த ஒரு மணி நேரம் வீண்.

இடம்: பாதி வேலை இங்கேதான்

விலை உயர்ந்த சப்வூஃபரைத் தவறான இடத்தில் வைப்பதைவிட, சுமாரான சப்வூஃபரைச் சரியான இடத்தில் வைப்பது நல்ல பேஸ் தரும். காரணம் அலையின் நீளம். அறை வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 346 மீட்டர் போகிறது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8.65 மீட்டர், அதாவது 28 அடி. அறையைவிட அலை பெரிது. அது சுவரில் மோதித் திரும்பி, எதிரே வரும் தன்னோடு தானே சேர்ந்து, அறையின் சில இடங்களில் பெருகியும் சில இடங்களில் அழிந்தும் நிற்கிறது. ஒரு நீளத்தில் எந்த அதிர்வெண் இப்படி முதலில் நிற்கும் என்று கணக்கிட, ஒலியின் வேகத்தை அந்த நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் போதும்.

நம் வீடுகளில் சாதாரணமாகக் காணும் பத்துக்குப் பன்னிரண்டு அறையை எடுத்துக்கொள்ளலாம்; கூரை பத்தடி. பன்னிரண்டடி நீளம் 3.66 மீட்டர். 346-ஐ 7.32-ஆல் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ். பத்தடி அகலம் 3.05 மீட்டர், 57 ஹெர்ட்ஸ். உயரமும் பத்தடி என்பதால் அங்கேயும் அதே 57. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் சேர்ந்து பெருக்குகின்றன. பேஸ் கிட்டாரில் தடித்ததற்கு அடுத்த தந்தியை அழுத்தாமல் மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். இந்த அறையில் அந்த ஸ்வரமும் அதையொட்டியதும் வரும்போதெல்லாம் ‘ஊம்ம்’ என்று வீங்கும். தடித்த தந்தியின் எஃப் ஷார்ப் 46 ஹெர்ட்ஸ்; பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர் காதில் அதுவும் வீங்கும். அவர் எழுந்து அறையின் நடுவுக்கு, ஆறே அடி முன்னால் வந்தால், அதே எஃப் ஷார்ப் ஏறக்குறைய காணாமல் போகும். சப்வூஃபரில் எந்தக் குமிழையும் யாரும் தொடவில்லை. நாற்காலியை நகர்த்தியது மட்டுமே.

பத்துக்குப் பத்து அறையில் மூன்று அளவும் ஒன்றாகிவிடுவதால் நிலைமை இன்னும் மோசம். செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் சேர்ந்த அறை, பேஸின் பெரும்பகுதியை வெளியே விடாமல் உள்ளேயே திருப்பி அனுப்பும். மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்துக் கட்டும் அமெரிக்க வீடுகளில் சுவரே கொஞ்சம் அசைந்து பேஸின் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. அங்கே எழுதப்பட்ட அறிவுரைகளை இங்கே அப்படியே பின்பற்றினால் பேஸ் அதிகமாகிவிடுவதற்கு இது ஒரு காரணம். கனமான திரை போட்டால் சரியாகும் என்ற நம்பிக்கையும் பலிக்காது. 40 ஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கே இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும்போது, அரை அங்குலத் துணி அதை ஒன்றும் செய்யாது. திரை குறைப்பது மேல் ஒலிகளைத்தான். அதனால் பேஸ் இன்னும் தூக்கலாகத் தெரியக்கூடும்.

ஆகவே இடத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். அறையின் மூலை எல்லா அலைகளையும் ஒருசேரத் தூண்டும் இடம். சத்தம் அதிகமாகக் கிடைக்கும், வீக்கமும் அதிகம். ஒரு சுவரின் நடுப்பகுதியில் வைத்தால் அந்தச் சுவரின் நீளத்துக்கான முதல் அலை தூண்டப்படுவதில்லை. முதலில் முயல வேண்டிய இடம் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், அல்லது ஒரு ஸ்பீக்கரை ஒட்டி உள்பக்கமாக. அங்கே ஸ்பீக்கரும் சப்வூஃபரும் காதிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் இருப்பதால் பின்னால் வரும் ஃபேஸ் வேலையும் சுலபமாகும்.

அது ஒத்துவராவிட்டால் தவழும் முறை இருக்கிறது. கேட்பவர் உட்காரும் இடத்தில், முடிந்தால் அதே நாற்காலியின் மேல், சப்வூஃபரைத் தூக்கி வைக்க வேண்டும். பேஸ் கிட்டார் தந்திக்குத் தந்தி ஏறி இறங்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, தரையோடு தரையாகத் தலையைத் தாழ்த்தி, சுவரோரமாகத் தவழ்ந்து கேட்டுக்கொண்டே போக வேண்டும். சில இடங்களில் ஒரு ஸ்வரம் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். சில இடங்களில் பேஸே இல்லாததுபோல் இருக்கும். எல்லா ஸ்வரமும் ஒரே பலத்தில் கேட்கும் இடம் எங்காவது அகப்படும். அங்கே தரையில் சாக்பீஸால் ஒரு குறி. அப்படி இரண்டு மூன்று குறிகள் கிடைத்தால், வழியை மறிக்காததும் வயர் எட்டுவதுமான இடத்தைத் தேர்ந்தெடுத்துச் சப்வூஃபரை அங்கே இறக்கலாம். ஒலி போகும் வழியைத் திருப்பிப் போட்டாலும் அறை ஒரே மாதிரி நடந்துகொள்வதால் இந்த முறை பலிக்கிறது. முழங்கால் வலிக்கும் வேலைதான். இதற்கு ஈடான பலன் வேறெந்தக் குமிழிலும் இல்லை.

சோதிக்க மேல்நாட்டு இசைதான் வேண்டும் என்றில்லை. மிருதங்கத்தின் தொப்பியில் வாசிக்கும் கும்கி நல்ல சோதனை. கையை வழுக்கி இழுக்கும்போது ஒலி ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு நழுவுகிறது. நழுவும் வழியில் ஒரு புள்ளியில் மட்டும் திடீரென்று பெருத்தால், அங்கே அறை குறுக்கிடுகிறது. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்காமல் தனி மெட்டாக நடந்துபோவதால் அவையும் உதவும். அந்த நடையில் ஒரு அடி இடறினால் பாடலை அறிந்த காது உடனே பிடித்துவிடும்.

இடம் மாற்றியும் தீராத வீக்கத்தை ஈக்வலைசரால் குறைக்கலாம். பள்ளத்தை நிரப்ப மட்டும் முயலக் கூடாது. 10 டெசிபல் ஏற்றப் பத்து மடங்கு மின்சக்தி வேண்டும். பள்ளத்தில் அலை தன்னைத் தானே அழித்துக்கொள்வதால் ஏற்றியதும் சேர்ந்தே அழியும். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்ட்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு, எத்தனை சப்வூஃபர் போதும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு வைத்தாலே பேஸ் இருக்கைக்கு இருக்கை மாறுவது வெகுவாகக் குறைகிறது என்று அது காட்டியது. ஒரு பன்னிரண்டு அங்குலப் பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு எட்டு அங்குலப் பெட்டி கிடைக்குமானால், பலர் சேர்ந்து கேட்கும் அறைக்கு அதுவே மேல். தனியாக ஒரே நாற்காலியில் கேட்பவருக்கு ஒன்று போதும்.

கிராஸ்ஓவர்

ஸ்பீக்கர் ஓயும் இடத்தில் சப்வூஃபர் தொடங்க வேண்டும். எந்த இடத்தில் ஓய்கிறது என்பதை ஸ்பீக்கரின் விவரத்தாளில் ‘மைனஸ் 3 டெசிபல்’ என்ற குறிப்போடு காணலாம். ‘மைனஸ் 10’ என்று போட்டிருந்தால் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. உண்மையான ஓய்வு அதற்கு வெகுமுன்பே தொடங்கியிருக்கும்.

இரண்டு வழிகள் உள்ளன. முதலாவதில் ஸ்பீக்கர்கள் தம் போக்கில் முழு ஒலியையும் வாசிக்கின்றன. சப்வூஃபர் அவற்றின் அடியில் வந்து சேர்கிறது. 55 ஹெர்ட்ஸில் ஓயும் ஸ்பீக்கருக்குச் சப்வூஃபரின் குமிழை 50-இல் வைத்துத் தொடங்கி, 40-க்கும் 60-க்கும் இடையே திருகிக் கேட்கலாம். சப்வூஃபரின் வடிகட்டி ஒரே வெட்டாக வெட்டுவதில்லை. குறித்த எண்ணுக்கு மேலும் சரிவாகக் கொஞ்சம் வாசித்துக்கொண்டே போகும். அதனால் குமிழைச் சற்றுக் கீழே வைப்பதே பொதுவாகச் சரியாக வருகிறது. ஆணின் பேச்சுக் குரலைப் போட்டுப் பார்ப்பது எளிய சோதனை. செய்தி வாசிப்பவர் பானைக்குள் பேசுவதுபோல் கேட்டால் கிராஸ்ஓவர் மேலே இருக்கிறது.

இரண்டாவது வழியில் ஸ்பீக்கருக்குப் போகும் பேஸும் வெட்டப்படுகிறது. இதற்கு ஹை பாஸ் வடிகட்டி வேண்டும். சில புதிய ஆம்ப்ளிஃபயர்களிலும் ரிசீவர்களிலும் அது உள்ளேயே இருக்கிறது. இல்லாதபோது ப்ரீ ஆம்ப்புக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவில் மினிடிஎஸ்பி போன்ற கருவியைச் செருகலாம். லாபம் கணிசமானது. முன்னே சொன்ன கூம்பின் அசைவுக் கணக்குப்படி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எடுத்துவிட்டால் ஆறு அங்குலக் கூம்பின் கஷ்டத்தில் பெரும்பகுதி தீர்ந்துபோகிறது. அதே கூம்பு வாசிக்கும் குரலும் வயலினும் தெளிவடையும். இன்னும் சத்தமாகவும் கேட்கலாம். லூகாஸ்ஃபிலிமில் பிறந்த டிஹெச்எக்ஸ் தரநிலை வீட்டுத் திரையரங்குக்கு 80 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்ததும், அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் சொல்ல முடியாது என்பதால்தான். சின்ன ஸ்பீக்கர் வைத்திருப்பவர் சத்தமாகக் கேட்பவரானால் இந்த இரண்டாவது வழிக்குச் செலவழிப்பது வீண்போகாது. தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர் உள்ளவருக்கு முதல் வழியே போதும். சப்வூஃபரின் முதுகிலேயே ஸ்பீக்கருக்கென்று வெளிவரும் முனைகள் சிலவற்றில் உண்டு. அவற்றில் பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டர் மட்டுமே வடிகட்டியாக இருக்கும். ஸ்பீக்கரின் மின்தடை ஏறி இறங்க, அது வெட்டும் இடமும் மாறும். அதைத் தவிர்ப்பது நல்லது.

பின்புறமோ முன்புறமோ துளை உள்ள ஸ்பீக்கரானால், அந்தத் துளையில் பஞ்சு அடைப்பானைச் செருகிப் பார்க்கலாம். துளை உள்ள பெட்டி ஓயும்போது செங்குத்தாகச் சரியும். அடைத்த பெட்டி மெல்லச் சரியும். மெல்லச் சரியும் ஸ்பீக்கரோடு சப்வூஃபரைக் கோப்பது எளிது.

ஃபேஸ்

‘சப்வூஃபர் மெதுவாக இருக்கிறது, பாட்டுக்குப் பின்னால் வருகிறது’ என்ற குறை பெரிய கூம்பின் மேல் சுமத்தப்படுகிறது. கூம்பின் அளவு அதற்குக் காரணமில்லை. பெரும்பாலும் அது அறையின் வீக்கம், இல்லையென்றால் ஃபேஸ். ஸ்பீக்கரின் கூம்பு காற்றை முன்னே தள்ளும் நேரத்தில் சப்வூஃபர் பின்னே இழுத்தால், இருவரும் சேர்ந்து வாசிக்கும் அந்தக் கிராஸ்ஓவர் பகுதியில் ஒன்றையொன்று அழிக்கின்றன. 80 ஹெர்ட்ஸில் அரை அலையின் நீளம் ஏழடி. ஸ்பீக்கரைவிட ஏழடி தள்ளி வைத்த சப்வூஃபர், மற்றதெல்லாம் சமமாக இருந்தால், சரியாக எதிர்த்திசையில் வந்து சேரும். அடியில் கனம் இருக்கும், மேலே தெளிவு இருக்கும், நடுவில் தாளத்தின் உதை மட்டும் காணாமல் போயிருக்கும். வயர் இல்லாமல் இயங்கும் சப்வூஃபர்களில் சிக்னலே சில மில்லி வினாடி தாமதமாக வருவதால் இந்தக் கோளாறு இன்னும் எளிதாக நேரும்.

சரிசெய்ய இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் இருக்கையில் உட்கார, மற்றவர் சப்வூஃபரின் பின்னால். கிராஸ்ஓவர் எந்த எண்ணில் இருக்கிறதோ அந்த அதிர்வெண்ணில் ஒரு சோதனை ஒலியை மெல்ல ஓடவிட வேண்டும். 0, 180 என்ற ஸ்விட்ச் மட்டும் இருந்தால், எந்தப் பக்கம் தள்ளும்போது சத்தம் கூடுகிறதோ அந்தப் பக்கம் சரி. தொடர்ந்து திரும்பும் குமிழ் இருந்தால் நேர்மாறாகப் போவது துல்லியம் தரும். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, இரண்டு ஸ்பீக்கரின் சிவப்பு கருப்பு வயர்களையும் ஸ்பீக்கர் பக்கத்தில் மாற்றிப் போட்டுவிட்டு, சத்தம் மிகவும் அடங்கும் இடம் வரும்வரை குமிழைத் திருப்ப வேண்டும். சத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்தைக் காதால் பிடிப்பது கடினம். அடங்கும் இடமோ பளிச்சென்று தெரியும். அந்த இடத்தில் குமிழை நிறுத்தி, வயர்களைப் பழையபடி மாட்டினால் அதுவே கூடும் இடமாகிவிடும்.

கைப்பேசியின் சத்தமானிச் செயலி இங்கே பயன்படும். கைப்பேசியின் மைக் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே காட்டும். 40 ஹெர்ட்ஸையும் 100 ஹெர்ட்ஸையும் அதை வைத்து ஒப்பிடக் கூடாது. ஒரே ஒலியை, குமிழை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்கு அந்தக் குறை தடையில்லை. முழுமையாக அளக்க விரும்புவோர்க்கு ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் யூமிக்-1 போன்ற அளவீட்டு மைக்கும் இருக்கின்றன. ஒரு மாலை நேரம் செலவிட்டால் அறையின் மேடு பள்ளம் முழுவதும் கோடாகத் திரையில் வந்துவிடும்.

சத்த அளவு

இப்போதுதான் வால்யூம் குமிழ். காதின் இயல்பு ஒன்றைத் தெரிந்துகொண்டால் இந்த வேலை பிடிபடும். தாழ்ந்த ஒலிகளைக் காது எளிதில் கேட்பதில்லை. 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலாக ஒலிக்கும் ஒரு சத்தத்துக்குச் சமமாகக் கேட்க, 40 ஹெர்ட்ஸில் 80 டெசிபலுக்கும் மேல் வேண்டும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட வளைகோடுகள் இந்தக் குணத்தைக் காட்டின. கேட்கத் தொடங்கிய பிறகு கதை மாறுகிறது. பேஸில் இரண்டு மூன்று டெசிபல் கூட்டினாலே மிகவும் கூட்டியதுபோல் தெரியும். ஆகவே இரண்டு விதிகள். வழக்கமாகக் கேட்கும் அளவிலேயே சப்வூஃபரைச் சரிசெய்ய வேண்டும்; குமிழை மிகச் சிறிய அளவில் நகர்த்த வேண்டும்.

குமிழைப் பூஜ்யத்தில் வைத்து, நன்கு பழகிய பாட்டைப் போட்டு, சப்வூஃபர் இருப்பது தெரியும்வரை ஏற்றி, அங்கிருந்து ஒரு மயிரிழை இறக்க வேண்டும். பிறகு வெவ்வேறு வகையில் பத்துப் பாட்டு. ஒரு பாட்டில் பேஸ் அதிகம், இன்னொன்றில் குறைவு என்றால் அது பதிவின் குணம், விட்டுவிடலாம். பத்திலும் அதிகம் என்றால் குமிழ் அதிகம். முதல் நாள் வைத்த அளவு மறுநாள் காலையில் கூடுதலாகத் தெரிவது எல்லோருக்கும் நடப்பது. புதிதாக வாங்கியது கேட்க வேண்டும் என்ற ஆசையில் கை சற்று மேலேயே நின்றுவிடுகிறது. ஒரு வாரம் கழித்துப் பெரும்பாலும் குறைக்கத்தான் வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகும் வரும் தொல்லைகள்

சப்வூஃபர் வந்த வீட்டில் முதலில் வாய் திறப்பது இரும்பு பீரோ. கதவு, கண்ணாடி, மேலே வைத்த பெட்டி, பரணில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரம் என்று ஒவ்வொன்றும் தனக்கான அதிர்வெண் வரும்போது கிணுகிணுக்கும். 20-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை ஓடவிட்டு அறையைச் சுற்றி நடந்தால் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கும். கதவிடுக்கில் ஒரு துண்டு ஃபெல்ட், பாத்திரங்களுக்கு நடுவே ஒரு மடித்த துணி. சப்வூஃபரின் குறை என்று எண்ணிக்கொண்டிருந்த பாதி இரைச்சல் அங்கேயே நின்றுவிடும்.

பாட்டு இல்லாதபோதும் ‘ம்ம்ம்’ என்று ஓடும் ஹம் மின் கம்பியிலிருந்து வருவது. 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு பிளக் பாயிண்டில் இருந்து, எர்த் வழியாக ஒரு சுற்று உண்டானால் இது வரும். இரண்டையும் ஒரே ஸ்விட்ச் போர்டுக்குக் கொண்டுவருவது முதல் மருந்து. அதிலும் போகாவிட்டால் ஆர்சிஏ கேபிளின் நடுவில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடலாம். எர்த் பின்னை உடைத்தோ, இரண்டு பின் அடாப்டர் போட்டோ ஹம்மை நிறுத்துவோர் உண்டு. ஹம் நின்றுவிடும். உள்ளே வயர் கழன்று உலோகத்தைத் தொடும் நாளில் அதைத் தொடுபவரைக் காப்பாற்ற ஒன்றுமே இருக்காது. எந்தச் சூழ்நிலையிலும் அதைச் செய்யக் கூடாது.

இசைத்தட்டு கேட்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. வளைந்த தட்டு சுழலும்போது ஊசி ஏறி இறங்குவதும் ஒரு சிக்னல்தான், காதுக்குக் கேட்காத அளவு தாழ்ந்தது. சப்வூஃபர் அதையும் வாசிக்க முயன்று கூம்பை முன்னும் பின்னும் துடிக்கவிடும். ஃபோனோ ப்ரீ ஆம்ப்பில் சப்சானிக் வடிகட்டி இருந்தால் போட்டுவிட வேண்டும். டர்ன்டேபிளும் சப்வூஃபரும் ஒரே மரப்பலகை மேல் இருக்கக் கூடாது; சப்வூஃபரின் அதிர்வை ஊசி எடுத்து மீண்டும் சப்வூஃபருக்கே கொடுக்க, ஊளை தொடங்கிவிடும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னொரு கேள்வி. பெட்டிக்கு அடியில் வைக்கும் ரப்பர், ஃபோம் மெத்தைகள் கால் வழியாகத் தரைக்கு இறங்கும் அதிர்வைக் குறைக்கும். காற்று வழியே சுவரையும் கூரையையும் தள்ளிக்கொண்டு போகும் பேஸை அவை தடுக்காது. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அந்த அளவு ‘ஏ’ எடையிட்டது. 40 ஹெர்ட்ஸ் ஒலியை அது உண்மையைவிட 35 டெசிபல் வரை குறைத்தே கணக்கில் எடுக்கும். மானி அமைதி என்று காட்டும்போதும் மேல்மாடியில் படுத்திருப்பவர் தலையணை வழியாக பேஸ் கேட்டுக்கொண்டிருப்பார். ஆகவே சப்வூஃபரின் வால்யூம் குமிழைச் சுற்றி ஒட்டுநாடாவில் இரண்டு கோடு போட்டு வைப்பது நல்லது, பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. இரவுக் கோடு எங்கே விழ வேண்டும் என்பதை மேல்வீட்டுக்காரரை ஒருமுறை அழைத்து, அவர் வீட்டில் அவர் உட்கார்ந்து கேட்க, இங்கே குமிழைத் திருப்பி முடிவு செய்துகொள்ளலாம்.